எண்ணெய் திரும்பி வரும் வழி

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சினில் பம்ப் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. குழாய் மேலே ஏறினாலும் வளைந்தாலும் எண்ணெய் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வருவதுதான் கஷ்டம். வேலையை முடித்து, சூடேறி, நுரைத்துப்போன எண்ணெயைக் கீழே கொண்டுவர எந்தப் பம்ப்பும் கிடையாது. பள்ளத்தைப் பார்த்து அதுவாக வழிந்து வர வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கேயே நின்றுவிடும்; டர்போவில் தேங்கியது கசிந்து நீலப் புகையாக எரியும். நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிறேன், டர்போ கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டவற்றில் பாதி நல்ல டர்போக்கள்.

போன மாதம் என் பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, ஒரு காரு வந்துருக்குது. பின்னால நீல நீலமா பொகை. டர்போவ ரெண்டு தபா மாத்திட்டோம், நிக்கல" என்றார்கள். ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு போன் வந்தால் சும்மா இருக்க முடியுமா? ஆட்டோ பிடித்துப் போனேன். ஆன்லைனில் பெட்டியோடு வாங்கிய குழாய், மேலே வெள்ளிக் கம்பி பின்னி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் கிடக்கும் இரும்புச் சட்டத்தில் இடிக்கக் கூடாது என்று அதை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். "எண்ணெய் என்ன ஏணி வச்சா ஏறி வரும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் குழாயை இறக்கி, சரிவு கொடுத்ததும் புகை நின்றது. "இதையெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே, வீடியோவுல யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார்கள். நல்லா வந்த வேலையை எழுதுவது சுலபம். நான் சொதப்பிய ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விருத்தாசலத்துக்கு மேற்கே, மங்களூர் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஆறு வருஷம் கிரீஸில் புரண்டேன். அங்கே கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் ஒன்றுதான். புது டர்போவை மாட்டியதும் எண்ணெய் ஊற்றி நனைக்காமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். புகையின் வேகத்தில் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரம் அது. அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. அன்றைக்கு வாங்கிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

அதன் பிறகு விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மேரி அக்காவின் பட்டறைக்கு வந்தேன். டீசல் பம்ப்பும் டர்போவும் மட்டும் பார்க்கும் பட்டறை. அக்காவின் கணவர் தொடங்கியது. அவர் உடம்புக்கு முடியாமல் போனதும் அக்கா வேலையைக் கற்றுக்கொண்டு தானே நடத்தினார். புடவை மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை முடிந்தது என்று நாம் சொன்னால், டார்ச்சை வாங்கி வண்டிக்கு அடியில் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எங்க இடிக்கும், பழனி?"

இடிக்குமா என்று கேட்க மாட்டார், எங்கே இடிக்கும் என்றுதான் கேட்பார். "எங்கயும் இடிக்காதுக்கா" என்று சொன்னால் டார்ச்சை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாம் மறுபடி படுத்துப் பார்த்து, "ஸ்டீயரிங் ராடு முழுசா திரும்பினா இந்த எடத்துல கிட்ட வருதுக்கா" என்று ஓர் இடமாவது சொல்ல வேண்டும். எஞ்சின் என்பது ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் பொருள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கமாகச் சாயும். நின்றுகொண்டிருக்கும்போது இருக்கும் இடைவெளி ஓடும்போது இருக்காது.

அதை அளக்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார். பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊரில் மட்டும்தான் அது இவ்வளவு சுலபம். பீங்கான் கம்பெனியிலிருந்து வெள்ளைக் களிமண் ஒரு கட்டி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்திருப்போம். எண்ணெய்க் குழாய் எந்தெந்தப் பொருளுக்குப் பக்கத்தில் போகிறதோ அங்கெல்லாம் இடைவெளி நிறைய ஒரு உருண்டை வைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியர் போட்டு எஞ்சினை முறுக்க வேண்டும். முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் நாலு தடவை. நிறுத்திவிட்டு உருண்டையை பிளேடால் அறுத்து, நசுங்கிய இடத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் கனம் இருந்தால் பாஸ். இல்லையென்றால் குழாயைக் கழற்ற வேண்டியதுதான். இதோடு இன்னொரு விதியும் உண்டு. குழாய் போட்டவன் எவனோ, அவன்தான் முதல் ஓட்டத்தில் அந்த வண்டியில் உட்கார வேண்டும்.

இப்போது அருளின் காருக்கு வருகிறேன். அருள் பெரியார் நகர் பக்கம் சின்னதாக ஒரு பீங்கான் சூளை வைத்திருந்தார். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி. அவற்றைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றி, மாதம் இரண்டு தடவை ஏற்காட்டுக் கடைகளுக்குப் போய்க் கொடுப்பார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் செயலிழந்தவர். கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குகிற மாதிரி காரை மாற்றிக் கட்டியிருந்தார். கிளட்ச்சை இழுக்க பானெட்டுக்குள் கூஜா அளவுக்கு ஒரு இரும்பு டப்பா. அவர் மனைவி செல்வி எப்போதும் கூடவே போவார்.

பழைய டீசல் எஞ்சின் அது, டர்போ கிடையாது. பெட்டிகளோடு மலை ஏறும்போது மூச்சு வாங்கியது. "பின்னால வர்றவன் ஹார்ன் அடிச்சே கொல்றாண்ணே. ஒரு டர்போ போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றார். அக்கா எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எடம் இல்லையே தம்பி" என்றார். "பழனி அண்ணன் போட்டா போவும்னு சொன்னாங்க" என்றார் அருள். இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தலை கனக்காது? நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் இடம் இல்லைதான். எண்ணெய் போகும் மெல்லிய குழாயை எஞ்சினின் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். திரும்பி வரும் குழாய்தான் படுத்தியது. கட்டைவிரல் பருமனுக்குக் குறையக் கூடாது. மேடு கூடாது. அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். நேராக இறக்கலாம் என்றால் கிளட்ச் டப்பா நடுவில் நின்றது. டப்பாவுக்கு இந்தப் பக்கம் ஸ்டீயரிங் ராடு, அந்தப் பக்கம் பழுக்கக் காய்கிற புகைக்குழாய். கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து, வைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கம்பி ஒரு வழியைக் காட்டியது. டப்பாவின் தோளை ஒட்டி, புகைக்குழாயின் கீழே நழுவி, ஒரே சரிவாகத் தொட்டிக்குப் போகும் வழி. அதே மாதிரி இரும்புக் குழாயை வளைத்து மாட்டினேன். களிமண் வைத்து முறுக்கினோம். நான்கு உருண்டையும் சுண்டுவிரல் கனத்துக்கு மேல். அக்கா டார்ச் அடித்துப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வரும்.

மறுநாள் அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வண்டி எடுக்க வந்த அருள், கையில் ஒரு சுருளோடு வந்தார். சூளைக் கதவுக்கு உள்ளே ஒட்டுகிற, பீங்கான் இழையில் செய்த வெள்ளைக் கம்பளி. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும்.

"அண்ணே, பொகைக் கொழா பக்கத்துல போவுதே, இத சுத்திடலாமா? எங்க சூளையில ஆயிரத்து எரநூறு டிகிரி தாங்குது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் ஊரில் சூடு என்றால் சூளை, சூளை என்றால் அந்தக் கம்பளி. அது தாங்காத சூடு காரில் ஏது? திரும்பி வரும் குழாயின் தலையிலிருந்து பாதி தூரத்துக்கு இரண்டு சுற்று சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இருந்தது. ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் அருளோடு போய் வந்தேன். சமதரை ரோடு, காலி வண்டி. ஒரு சத்தம் இல்லை. அருள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பத்து நாள் கழித்து அவர்கள் ஏற்காட்டுக்குப் புறப்பட்டார்கள்.

மதியம் சாப்பிட உட்காரும்போது அருள் போன் பண்ணினார். "அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் ஆவல. வண்டிதான் பத்திக்கிச்சு."

கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் கருகல் வாசனை வந்திருக்கிறது. முன்னால் போகும் லாரி என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு பானெட் இடுக்கில் புகை, புகைக்குப் பின்னால் நெருப்பு. அருளின் ஊன்றுகோல்கள் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தன. செல்வி ஓடிப்போய்ப் பெட்டிகளை ரோட்டில் வீசிவிட்டு அவற்றை இழுத்துக் கொடுத்து அருளை இறக்கியிருக்கிறார். அங்கே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் மண்ணை வாரிக் கொட்டி நெருப்பை அணைத்திருக்கிறார்.

கார் ஒரு லாரி மேல் ஏறிப் பட்டறைக்கு வந்தது. அக்கா யார் மேலும் கோபப்படவில்லை. கருகிய கம்பளியை அறுத்தெடுத்து, கருகாத நுனியை ஒரு தட்டின் மேல் பிழிந்தார். எண்ணெய் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது. குழாயின் மேல் மூட்டில் வாஷர் லேசாகக் கசிந்திருக்கிறது. வெறும் குழாயாக இருந்தால் தரையில் ஒரு சொட்டு விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும். கம்பளி அத்தனையையும் குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சூளைக்குள் நெருப்பு உண்டு, எண்ணெய் கிடையாது. அந்தக் கம்பளியை ஆயிரம் தடவை பார்த்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அந்த மூட்டு ஏன் கசிந்தது என்பதை அக்கா விரலால் காட்டினார். கிளட்ச் டப்பாவின் தோளில், பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. முழுப் பாரத்தோடு மலை ஏறும்போது எஞ்சின் சாய்ந்து, கம்பளியும் கம்பியும் சுற்றிப் பருத்த குழாய் அங்கே போய் இடித்திருக்கிறது. இடித்து இடித்து மேல் மூட்டு தளர்ந்துவிட்டது.

"களிமண்ண எப்ப வச்ச?"

"கம்பளி சுத்துறதுக்கு முன்னாடிக்கா."

அக்கா தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், அருள்தான் கம்பளி கொண்டுவந்தார் என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அசிங்கமாக இருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "அருளு வூட்டுக்கு நீயே போய்ட்டு வா" என்றார்.

வீட்டில் அருள் என்னைப் பார்த்ததும், "வுடுங்கண்ணே, தெரிஞ்சா செஞ்சீங்க" என்று சமாதானம் சொன்னார். செல்வி டீ கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"இவரு வண்டிய வுட்டு எறங்கி நிக்க ரெண்டு நிமிஷம் ஆவும்ண்ணே. நெருப்புக்கு அது தெரியாது. அன்னிக்கு நான் கூட இல்லன்னா என்னா ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க. வண்டிய வித்துடலாம்னு இவருகிட்ட சொல்லிட்டேன்."

"வித்துட்டா ஏற்காட்டுக்கு யாரு போறது? பஸ்ஸுல பொட்டியத் தூக்கிட்டு நான் போவ முடியுமா?" என்றார் அருள். குரல் உடைந்திருந்தது. அந்தக் கார்தான் அவருக்குக் கால் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

"சரி பண்ணிட்டு நானே கூட வரேன்மா. முழு லோடோட மலை ஏறுவோம். உனக்குத் திருப்தி இல்லன்னா நானே ஆள் புடிச்சு வித்துத் தரேன்" என்றேன்.

செல்வி டீ டம்ளரை வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு நான் உக்காந்திருந்த முன் சீட்டுல நீங்க உக்காருங்க" என்றார். மேரி அக்காவின் விதி அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதையேதான் சொன்னார்.

இந்தத் தடவை குழாயைத் தொடுவதற்கு முன்னால் கிளட்ச் டப்பாவைத் தொட்டேன். அதன் தாங்கியை வெட்டி, இரண்டு விரல் தள்ளி மறுபடி பற்றவைத்தேன். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய வேலை. டப்பாவைத் தள்ளினால் அதன் கேபிளையும் மாற்ற வேண்டும் என்று சோம்பல்பட்டு, குழாயை வளைத்து என் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது குழாய் நேராக விழுந்தது. கம்பளி கிடையாது. புகைக்குழாய்க்கும் எண்ணெய்க் குழாய்க்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் ஒரு தகரத் தடுப்பு நிறுத்தினேன். சூட்டைத் தடுக்க நடுவில் காற்று இருந்தால் போதும், காற்று எண்ணெயைக் குடிக்காது. மூட்டுகளில் புதுச் செப்பு வாஷர். எது கசிந்தாலும் கண்ணில் படும்படி குழாய் அம்மணமாக இருந்தது.

இன்னொரு வேலையும் செய்தேன், அதை யாரும் கேட்கவில்லை. டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு கவ்விகள் அடித்து, ஊன்றுகோல்கள் நிற்க இடம் பண்ணினேன். அருள் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எட்டும். அக்கா டார்ச்சோடு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். "எங்க இடிக்கும்?" என்றார்.

"லோடோட மலையில சாயும்போது டப்பா தோளுகிட்ட வரும்க்கா. அங்க ஒரு விரலுக்கு மேல இருக்கணும். மலையிலயே பாத்துட்டுச் சொல்றேன்."

அக்கா டிபன் பாக்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஏற்காடு அடிவாரத்தில் நிறுத்தி, டப்பாவுக்கும் குழாய்க்கும் நடுவில் களிமண்ணை நிறைத்தேன். பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே செல்வி உட்கார்ந்திருந்தார். மடியில் தண்ணீர்க் குடம் ஒன்று. எதற்கு என்று நான் கேட்கவில்லை. வண்டி ஏறத் தொடங்கியது. டர்போ விசிலடித்தது. அருள் வளைவு வளைவாக ஒடித்து ஏறினார், முன்னால் போன லாரியையும் தாண்டினார். எனக்கு வேலை மேல் நம்பிக்கை இருந்தது, ஆனாலும் மூக்கு மட்டும் கருகல் வாசனையைத் தேடிக்கொண்டே வந்தது.

பதினோராவது வளைவில் கொய்யாப்பழக்காரர் அதே இடத்தில் இருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்து இரண்டு அடி பின்னால் போய் நின்றார். பானெட்டைத் திறந்தேன். குழாய் ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தது. தடுப்பு அசையவில்லை. களிமண் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. அதை எடுத்து பிளேடால் அறுத்தேன். மிக மெல்லிய இடத்திலேயே ஒன்றரை விரல் கனம்.

"பாரும்மா" என்று செல்வியிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குடத்தை ரோட்டோரம் வைத்துவிட்டு, டிரைவர் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"எறங்குங்க பாப்போம்" என்றார் அருளிடம். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கினார்.

அருள் பெல்ட்டைக் கழற்றினார். கவ்வியிலிருந்து ஒரு கோலை உருவிக் கக்கத்தில் வைத்தார், அடுத்ததை உருவினார், கால்களைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். செல்வி இருபத்தேழு என்று சொல்லும்போது அவர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். கொய்யாப்பழக்காரருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அவர் பாட்டுக்குக் கை தட்டினார்.

செல்வி ஒரு கூறு கொய்யா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். குடத்துத் தண்ணீரை ரோட்டோரச் செடியில் ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க பின்னால உக்காருங்க. முன் சீட்டு என்னோடது" என்றார்.

மீதி ஒன்பது வளைவும் பொம்மைப் பெட்டிகளுக்கு நடுவில் முட்டி மடக்கி உட்கார்ந்து போனேன். அங்கிருந்து எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.